பெட்டியில் கிடந்த பழைய கிப்சன் ஈஎஸ்-125: சோதிப்பதும் சர்வீஸ் செய்வதும், ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய கிட்டார் ஒன்றைக் காட்டி "புதுசு மாதிரியே இருக்கு" என்று யாராவது சொன்னால், அதை யாரும் அதிகம் வாசிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மேடை மேடையாகச் சுற்றிய கிட்டாரில் விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட் தேய்ந்திருக்கும், நெக்கின் லாக்கர் வழுவழுப்பாகியிருக்கும், ஆனால் கன்ட்ரோல்களும் ட்யூனர்களும் நன்றாக இயங்கும். கட்டிலுக்கடியில் ஐம்பது அறுபது ஆண்டு கிடந்த கிட்டார் இதற்கு நேர் எதிர். மரமும் பூச்சும் பளிச்சென்று இருக்க, ட்யூனரில் எண்ணெய் பிசினாகியிருக்கும், வால்யூம் கன்ட்ரோலுக்குள் களிம்பு ஏறியிருக்கும், பிளாஸ்டிக் பாகங்கள் சுருங்கியிருக்கும். இவையெல்லாம் உழைத்துத் தேய்ந்த கோளாறுகள் அல்ல. சும்மா கிடந்ததால் வந்தவை. பெரும்பாலானவற்றைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும், எதையும் மாற்ற வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

எடுத்துக்காட்டாக அமெரிக்கக் கம்பெனி கிப்சனின் ஈஎஸ்-125 என்ற எலக்ட்ரிக் கிட்டார் மாடலை எடுத்துக்கொள்கிறேன். 1941-ல் வந்து, போரால் நின்று, 1946-ல் பி-90 என்ற பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தச் சுருள்) திரும்பி, 1970 வரை ஓடிய மாடல் இது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ ஊரின் பார்சன்ஸ் தெருத் தொழிற்சாலையில் செய்தார்கள். 16¼ அங்குல அகல உடல், உள்ளே முழுக்க வெற்றிடம், மேபிள் ப்ளைவுட் மேற்பலகை, மகோகனி நெக், ரோஸ்வுட் விரல்பலகை. நெக் பக்கம் ஒரே ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். கிப்சன் வரிசையில் இது விலை குறைந்த கிட்டார் என்பதால் நிறைய விற்றது, இன்றும் நல்ல நிலையில் கிடைக்கிறது. இதில் கற்றுக்கொள்வது ஈஎஸ்-175, ஈஎஸ்-330 போன்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பெட்டியைத் திறக்கும் முன்

கிட்டார் விமானத்திலோ கூரியரிலோ வந்திருந்தால் பெட்டியை உடனே திறக்காதீர்கள். மூடியபடியே ஒரு நாள் முழுக்க அறையில் கிடக்கட்டும். பழைய கிப்சன்களின் மேல்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மரம் ஒரு வேகத்திலும் லாக்கர் வேறொரு வேகத்திலும் சுருங்கி விரியும். குளிரில் இருந்து வந்ததைச் சூடான அறையில் சட்டென்று திறந்தால் மயிரிழைக் கீறல்கள் கண்ணெதிரே ஓடும். ஏற்கெனவே உள்ள கீறல்கள் வயதின் அடையாளம், அவற்றால் பாதகமில்லை. ஆனால் புதிதாக ஒன்று உங்கள் கையில் விழக்கூடாது.

திறந்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால் பெட்டியின் உள்துணியில் ஈரம் இருந்திருக்கிறது. கற்பூர வாடை கலந்த, மூக்கைக் குத்தும் புளிப்பு நெடி அடித்தால் கம்பிகளுக்குப் பக்கத்தில் மேற்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் தகடான பிக்கார்டைப் பாருங்கள். அது செல்லுலாய்டு. கற்பூரத்தைச் சேர்த்துச் செய்யும் பிளாஸ்டிக்தான் செல்லுலாய்டு. அது சிதையத் தொடங்கினால் அமில வாயு கக்கும். பக்கத்தில் உள்ள திருகு, கம்பி, பிக்கப் ஆணி எல்லாம் பச்சை பிடித்து அரிக்கும், லாக்கரும் கெடும். பிக்கார்டின் ஓரம் சுருண்டோ, மேற்பரப்பு ஒட்டும் தன்மையோடோ, உள்ளே வெடித்தோ இருந்தால் அன்றே கழற்றிவிடுங்கள். மற்ற வேலைகளெல்லாம் ஒரு மாதம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

எந்த ஆண்டு, எது அசல்

ஐம்பதுகளின் ஈஎஸ்-125-ல் பெரும்பாலும் சீரியல் எண் ஒட்டியிருக்காது. டார்ச் அடித்து, மேற்பலகையில் f எழுத்து வடிவில் உள்ள எஃப் துளை வழியாக உடலின் உட்புறத்தைப் பாருங்கள். மை முத்திரையில் ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் தெரியும். அது தொழிற்சாலையின் ஆர்டர் எண். இசட் என்றால் 1952, ஒய் 1953, எக்ஸ் 1954, டபிள்யூ 1955, வி 1956, யூ 1957, டி 1958, எஸ் 1959, ஆர் 1960, க்யூ 1961. எழுத்துகள் பின்னோக்கிப் போகின்றன என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது சாட்சி கன்ட்ரோல்களின் பின்பக்கம். அங்கே பொறித்த எண்ணின் முதல் மூன்று இலக்கம் தயாரித்த கம்பெனியைக் குறிக்கும்: 134 என்றால் சென்ட்ராலாப், 137 என்றால் சிடிஎஸ். அடுத்து ஆண்டு, கடைசி இரண்டு இலக்கம் வாரம். 134635 என்று இருந்தால் சென்ட்ராலாப், 1956, முப்பத்தைந்தாவது வாரம். ஐம்பதுகளில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் போட்டார்கள் என்பதால் 6 என்பது 1946-ஆ 1956-ஆ என்பதை ஆர்டர் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். கன்ட்ரோலின் தேதி உடலின் தேதிக்குச் சில மாதங்கள் முந்தியிருந்தால் இயல்பு. பல ஆண்டு பிந்தியிருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இதைப் பார்க்க எதையும் கழற்ற வேண்டாம், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி போதும்.

அப்புறம் ஒரு புற ஊதா டார்ச் வாங்குங்கள், விலை அதிகமில்லை. அறையை இருட்டாக்கி அடித்தால் பழைய லாக்கர் மங்கலான பச்சை மஞ்சளாக ஒளிரும். பின்னால் பூசிய இடம் அதிலிருந்து மாறுபட்டு, பெரும்பாலும் இருட்டாகத் தெரியும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் நெக்கின் பின்பக்கம், தலை தொடங்கும் இடம். கிப்சன் தலை நன்றாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடுக்காக அதே இடத்தில் குடைந்திருப்பதால் மரம் அங்கே மெல்லியது. கிட்டார் ஒருமுறை மல்லாக்க விழுந்தாலே அங்கேதான் விரியும். எவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தாலும் தலை உடைந்த கிட்டாரின் சந்தை மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் வாங்கும் முன் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். திருகுகளின் தலையையும் பாருங்கள். கீறலே இல்லாத திருகு என்றால் அதை யாரும் திறக்கவில்லை. எனக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் தடயம் வேறில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து விரல்பலகை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிபோகலாம். மற்ற ரோஸ்வுட் வகைகளால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் கிடைத்த தளர்வு இதற்குப் பொருந்தாது.

உடலும் நெக்கும்

மேற்பலகை ப்ளைவுட் என்பதால் நீள வெடிப்பு அரிது. பார்க்க வேண்டியது ஒட்டு விட்ட இடங்களை. விரல் முட்டியால் உடலைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சலசலவென்று ஒலித்தால் மேற்பலகையின் அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டம் விட்டிருக்கலாம், இல்லையென்றால் உடலின் விளிம்பைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக் பட்டையான பைண்டிங் விட்டிருக்கலாம். கிட்டார் குறுகும் இடுப்பு வளைவில்தான் பைண்டிங் முதலில் விலகும், ஏனென்றால் பிளாஸ்டிக் சுருங்கும்போது நேர்க்கோட்டை நோக்கி இழுக்கும். ஒரு மில்லிமீட்டர் விலகல் என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஒட்டுகிறேன் என்று செலோடேப்பைப் போட்டுப் பிடித்தால், உரிக்கும்போது லாக்கரும் சேர்ந்து வரும்.

நெக் உடலோடு சேரும் இடத்தில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அங்கே இருப்பது நம் ஊர்த் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோல் பசை. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது இளகும். அதனாலேயே நெக்கைச் சேதமில்லாமல் கழற்றித் திரும்பவும் பொருத்தவும் முடிகிறது. மே மாதம் காரின் டிக்கியில் கிட்டாரை வைக்கக்கூடாது என்பதற்கும் அதுவேதான் காரணம்.

நெக்கின் கோணத்தைச் சோதிக்க நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்களின் மேல் படுக்கவைத்து, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் நுனி பிரிட்ஜின் மேல் விளிம்பை ஒட்டி வந்தால் நல்லது. மிகவும் கீழே இடித்து, பிரிட்ஜை முழுக்க இறக்கியும் கம்பி உயரமாகவே நின்றால் நெக்கைக் கழற்றிக் கோணம் சரிசெய்ய வேண்டும். அது அனுபவமுள்ள கிட்டார் தச்சரின் வேலை. அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நெக்கின் வளைவு. மிகத் தடித்ததான ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவது ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.15 முதல் 0.25 மி.மீ. இருந்தால் ட்ரஸ் ராடைத் தொடவே வேண்டாம். அதிகம் இருந்தால் தலையில் உள்ள மணி வடிவ மூடியைக் கழற்றினால் ஒரு பித்தளை நட் தெரியும். அதன் அளவு 5/16 அங்குலம், பட்டறைக் கணக்கில் இரண்டரை நூல். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கையில் இருக்கும் 8 மி.மீ. ஸ்பேனரும் அதில் ஏறும், ஏறக்குறைய பொருந்தும். அந்த "ஏறக்குறைய"தான் ஆபத்து. மெத்தென்ற பித்தளையின் முனைகள் உருண்டுவிடும். அப்படி உருண்ட நட்டோடு ஒரு கிட்டார் என்னிடம் வந்தது. அறுபது ஆண்டு அப்பழுக்கில்லாமல் இருந்த பொருளை ஒரு நிமிட அவசரம் கெடுத்திருந்தது, பார்க்கவே மனம் வலித்தது. சரியான அங்குல ஸ்பேனரை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கால் சுற்று தளர்த்தி, மரைக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, பிறகு அரைக்கால் சுற்று வீதம் இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் விட்டு அளவு பாருங்கள். கை எதிர்ப்பை உணர்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

கம்பி கழற்றுவதும் சுத்தம் செய்வதும்

இந்தக் கிட்டாரின் பிரிட்ஜ் உடலில் ஒட்டியிருக்காது. கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. கம்பிகளை மொத்தமாகக் கழற்றினால் பிரிட்ஜ் நகரும், கம்பிகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் தொங்கி மேற்பலகையைக் கீறும். வெறும் கம்பி மாற்றுவதென்றால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மொத்தமாகக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் பிரிட்ஜின் இரண்டு பாதங்களும் எஃப் துளையின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள், நேர் மேலிருந்து படமும் எடுத்துக்கொள்ளுங்கள். டெயில்பீஸுக்கு அடியில் மடித்த பருத்தித் துணி ஒன்றை வையுங்கள்.

லாக்கரைத் துடைக்க, ஈரம் தொட்டுப் பிழிந்த மெல்லிய துணியே பெரும்பாலும் போதும். பிசுக்கு போகவில்லை என்றால் நாப்தா, அதாவது லைட்டரில் ஊற்றும் திரவம், துணியில் சிறிதளவு தொட்டுக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் தீ இல்லாமல் செய்யுங்கள். ஸ்பிரிட், ஆல்கஹால், சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் எதுவும் அருகிலேயே வரக்கூடாது, எல்லாம் நைட்ரோ லாக்கரைக் கரைக்கும். சிலிக்கோன் கலந்த பாலிஷும் வேண்டாம், பின்னால் பூச்சில் ஒரு சின்னப் பழுது பார்க்க வேண்டி வந்தால் புதிய லாக்கர் அதன்மேல் ஒட்டாது. ரப்பர் பிடியுள்ள ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் ரப்பர் தொடும் இடத்தில் லாக்கர் இளகிக் கறை விழும்.

விரல்பலகை காய்ந்து வெளிறியிருக்கும். மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் மர இழையின் போக்கிலேயே லேசாகத் தேய்த்தால் அழுக்கும் போகும், ஃப்ரெட்டும் மின்னும். ஆனால் முதலில் பிக்கப்பைப் பிளாஸ்டிக் தாளால் முழுக்க மூடுங்கள். இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொண்டால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. முடிந்ததும் மினரல் ஆயில் நாலைந்து துளி தடவி, ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் தேவையில்லை.

தலையில் கம்பியை முறுக்கும் க்ளூசன் கம்பெனி ட்யூனர்கள் இறுகியிருந்தால் மாற்றத் துடிக்காதீர்கள். பல்சக்கரத்துக்கு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் கழித்து மெதுவாகத் திருப்பினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பிளாஸ்டிக் பிடிகள் சுருங்கி உதிர்ந்தால் பிடிகளை மட்டும் தனியாக மாற்றலாம்.

மின்பாகங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எதையும் திறக்காமல் எவ்வளவு கண்டுபிடிக்க முடியும் என்று பாருங்கள். கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூம், டோன் இரண்டையும் முழுக்கத் திறந்து வையுங்கள். கேபிளின் மறுமுனையில் ப்ளக்கின் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளவு பாருங்கள்.

ஏழிலிருந்து எட்டரை கிலோ ஓம் காட்டினால் பி-90 நலமாக இருக்கிறது. அந்தச் சுருளில் தலைமுடியை ஒத்த 42 கேஜ் செப்புக் கம்பி ஏறக்குறைய 10,000 சுற்று இருக்கிறது. அது இத்தனை ஆண்டு அறுபடாமல் இருப்பதே பெரிய சொத்து. மீட்டர் 500 கிலோ ஓம் அளவில் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, நீங்கள் பார்ப்பது வால்யூம் கன்ட்ரோலின் சொந்த அளவு. எதுவுமே காட்டவில்லை என்றால் ஜாக்கிலோ அங்கே போகும் வயரிலோ துண்டிப்பு. சுழி காட்டினால் எங்கோ ஷார்ட். அடுத்து மீட்டரின் ஒரு முனையை டெயில்பீஸிலும் மறுமுனையை ப்ளக்கின் உடலிலும் வையுங்கள். தொடர்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் எர்த் வயர் விட்டிருக்கிறது, அந்தக் கிட்டார் கை வைத்தாலும் வைக்காவிட்டாலும் இரைந்துகொண்டே இருக்கும்.

ஆம்ப்ளிஃபையரில் போட்டால் முதல் நாள் கன்ட்ரோல் கரகரவென்று அலறும், ஒலி விட்டு விட்டு வரும். உள்ளே களிம்பு, அவ்வளவுதான். மெல்லிய குழாய் வைத்த கான்டாக்ட் கிளீனரை எஃப் துளை வழியாக நீட்டி, கன்ட்ரோலின் கால்கள் வெளிவரும் இடுக்கில் ஒரு சின்னப் பீய்ச்சல் கொடுங்கள். லாக்கரில் தெறிக்காமல் துளையைச் சுற்றித் துணி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நாற்பது ஐம்பது முறை முழுக்கத் திருப்புங்கள். ஜாக்கையும் பஞ்சு சுற்றிய குச்சியால் இப்படியே துடையுங்கள். ஜாக்கின் வெளி நட் தளர்ந்திருந்தால் இறுக்கும்போது உள்ளே ஜாக் சேர்ந்து சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பழைய வயர் முறுகி அறும்.

கன்ட்ரோல்களை வெளியே எடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், ஒவ்வொன்றின் தண்டிலும் நீளமான உறுதியான நூல் ஒன்றைக் கட்டிவிட்டு உள்ளே தள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே நூலை இழுத்தால் தண்டு தன் துளைக்கே வந்து சேரும். நூல் இல்லாமல் செய்தால் அரை நாள் போய்விடும். தொழிற்சாலையில் வைத்த சால்டரை முடிந்தவரை உருக்காதீர்கள். கலையாத அசல் சால்டருக்கே வாங்குபவர்கள் தனி மதிப்பு தருகிறார்கள். இரைச்சலைக் குறைக்க உள்ளே செப்புத்தாள் ஒட்டுவது, பிக்கப்பை மெழுகில் முக்குவது இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். பி-90 ஒற்றைச் சுருள் பிக்கப், கொஞ்சம் ரீங்காரம் அதன் இயல்பு. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. பழைய கிட்டாருக்குப் பழைய ஆம்ப் என்று ஆசைப்படுபவர்கள் கவனியுங்கள். அந்தக் கால அமெரிக்க ஆம்ப்களில் இரண்டு முள் ப்ளக், எர்த் கிடையாது. பலவற்றில் மின்வழிக்கும் ஆம்ப்பின் உலோக உடலுக்கும் நடுவே ஒரு கபாசிட்டர் இருக்கும். அது பழுதானால் மின்சாரம் கிட்டார் கம்பி வரை வரும், உங்கள் கை கம்பியில் இருக்கும். நம் ஊர் 230 வோல்ட்டை 120-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் இதற்குத் தீர்வல்ல. தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்து மூன்று முள் எர்த் போட்ட பிறகே செருகுங்கள்.

கம்பி, உயரம், சுருதி

இந்தக் கிட்டாரைச் செய்தவர்கள் மூன்றாவது கம்பியாகச் சுற்றுக்கம்பியை, அதாவது மேலே மெல்லிய கம்பி சுற்றியதை, நினைத்துத்தான் செய்தார்கள். அசல் ரோஸ்வுட் பிரிட்ஜின் மேல்விளிம்பு படிப்படியாக வெட்டியிருப்பது அந்தக் கணக்கில்தான். இன்றைய மெல்லிய செட்டில் மூன்றாவது கம்பி வெறுங்கம்பி. அதைப் போட்டால் அந்த ஒரு கம்பி மட்டும் மேல் ஃப்ரெட்களில் சுருதி ஏறி நிற்கும். அதைக் கேட்டு பிரிட்ஜையே குறை சொல்லி மாற்றிவிடுகிறார்கள். சுற்றிய மூன்றாம் கம்பியோடு 11 அல்லது 12-ல் (முதல் கம்பி 0.011 அல்லது 0.012 அங்குலத் தடிமன்) தொடங்கும் ப்யூர் நிக்கல் செட் போடுங்கள், பிரச்சினையே இருக்காது.

பல ஆண்டு தளர்ந்து கிடந்த நெக்குக்கு ஒரேயடியாக முழு இழுவிசை கொடுக்க வேண்டாம். முதல் நாள் ஒரு முழுச் சுரம் குறைத்துக் கட்டுங்கள், மறுநாள் சரியான சுருதிக்கு ஏற்றுங்கள். அப்புறம் நெக் வளைவை மறுபடி அளந்து, அதன் பிறகே பிரிட்ஜின் திருகுச் சக்கரங்களால் உயரம் பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். சக்கரத்தைத் திருப்பும் முன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

சுருதிக்கு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் இம்மியளவு நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் நெக் பக்கம். முதலில் முதல் கம்பி, பிறகு ஆறாம் கம்பி. பிரிட்ஜ் கொஞ்சம் சாய்வாக நின்றால்தான் சரி. எவ்வளவு முயன்றும் கூடிவரவில்லை என்றால் பிரிட்ஜின் மேல்கட்டையை யாராவது திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அடிக்கடி நடப்பதுதான். பாதத்துக்கும் மேற்பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது அசல் பிரிட்ஜாக இருக்காது. உப்புத்தாளால் பாதத்தை மேற்பலகையின் வளைவுக்கு இழைத்துப் பொருத்த வேண்டும். லாக்கரின் மேல் வைத்துத் தேய்க்கும் வேலை என்பதால், முதல்முறை செய்பவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடம்

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அது தானாக அமையாது. இரவெல்லாம் ஏசி, பகலெல்லாம் புழுக்கம் என்று மாறும் அறையில் கிட்டாரை வெளியே தொங்கவிடுவதைவிடப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது. சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போடுங்கள். தினமும் கால் மணி நேரமாவது எடுத்து வாசியுங்கள், கன்ட்ரோலும் ட்யூனரும் மறுபடி இறுகாமல் இருக்க அதைவிட நல்ல சர்வீஸ் கிடையாது.

கழற்றிய பழைய கம்பி, உதிர்ந்த ட்யூனர் பிடி, எடுத்த அளவுகளை எழுதிய சிறு நோட்டு எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டுப் பெட்டியின் சின்ன அறையில் வைத்துவிடுங்கள். சிதையும் பிக்கார்டு மட்டும் அங்கே போகக்கூடாது. தூக்கி எறியவும் வேண்டாம், அதுவும் அசல் பாகம்தான். காகித உறையில் சுற்றி, காற்றோட்டமான வேறொரு அலமாரியில், தீக்கும் சூட்டுக்கும் எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள்.